போவா பாம்பின் முதல் ஈற்று: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பாம்பு வளர்க்கிறேன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து பேசுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடிக்காதா?" என்பது. இரண்டாவது, "முட்டையை எப்படிப் பொரிக்க வைக்கிறாய்?" முதல் கேள்விக்குப் பதில் எளிது. போவா அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த, இரையை இறுக்கிக் கொல்லும் பெரிய பாம்பு. அதற்கு நஞ்சு கிடையாது. பழகிய பாம்பு பெரும்பாலும் கடிக்காது. கடித்தால் ரத்தம் வரும், கழுவி மருந்து போட்டால் ஆறிவிடும். இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். போவா முட்டையிடாது. நம்மூர்க் கண்ணாடி விரியனையும் மண்ணுளிப் பாம்பையும் பச்சைப் பாம்பையும் போல அது குட்டி போடும்.

இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மலைப்பாம்பு வளர்ப்பவர் முட்டைகளைத் தாயிடமிருந்து எடுத்து இன்குபேட்டரில் வைத்து, வெப்பத்தையும் ஈரத்தையும் எந்திரத்தின் பொறுப்பில் விட்டுவிடலாம். போவாவுக்கு அந்த வழி இல்லை. கருவுற்ற முட்டைகள் ஓடில்லாமல், மெல்லிய சவ்வுக்குள், தாயின் வயிற்றிலேயே ஏறத்தாழ நான்கு மாதம் கிடக்கின்றன. குட்டிக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதி மஞ்சள் கருவிலிருந்து கிடைக்கிறது. நீரும் உயிர்வளியும் தாயின் உடல் வழியாகப் போகின்றன. அந்த மஞ்சள் கருவும் இணைசேர்வதற்கு வெகு முன்பே தாய் தன் உடலில் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்து உருவானதுதான். வெப்பம், தீனி, அமைதி என்று நாம் குட்டிகளுக்குக் கொடுக்க நினைப்பது எதுவானாலும் தாய் வழியாகத்தான் கொடுக்க முடியும். அதனால் போவா இனப்பெருக்கம் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விடும் நாளில் தொடங்குவதில்லை. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பு, அந்தப் பெண் பாம்புக்கு நாம் எலி போட்ட விதத்தில் தொடங்குகிறது.

எந்தப் போவா?

1758-இல் லின்னேயஸ் இந்தப் பாம்புக்கு வைத்த அறிவியல் பெயர் 'போவா கன்ஸ்டிரிக்டர்'. மக்கள் வழக்கிலும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. 'இறுக்குவது' என்பது அதன் பொருள். மூச்சுத் திணறவைத்துக் கொல்கிறது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். எலிகளின் ரத்த அழுத்தத்தை அளந்து 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பாம்பு இறுக்கியதும் சில நொடிகளிலேயே ரத்த ஓட்டம் தடைபடுவதைக் காட்டியது. மூச்சு நிற்பதற்கு முன்பே உடலுக்குள் ரத்தம் ஓடுவது நின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் செல்லப்பிராணியாக விற்கப்படும் போவாக்களில் பெரும்பாலானவை மெக்சிகோ, நடு அமெரிக்கா, கொலம்பியா பகுதிகளைச் சேர்ந்தவை. அவற்றை இப்போது 'போவா இம்பெரேட்டர்' என்று தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். சுரினாம், கயானா, பிரேசில், பெரு நாடுகளிலிருந்து வரும் செவ்வால் போவாதான் பழைய பெயரைத் தாங்கி நிற்கிறது. செவ்வால் போவா பார்க்க அழகு, ஆனால் செரிமானத்தில் சற்று நொய்ந்தது. கொஞ்சம் பெரிய இரை போட்டாலும் கக்கிவிடும். முதல் ஈற்றுக்கு இம்பெரேட்டர்தான் சரி.

ஹொண்டுராஸ் கரைக்கு அப்பால் காயோஸ் கொச்சினோஸ் என்ற சிறு தீவுக்கூட்டம் இருக்கிறது. வளர்ப்பாளர்கள் 'ஹாக் ஐலண்ட் போவா' என்று சொல்வது அங்குள்ள வெளிர்நிறக் குள்ளப் போவாவை. 1980-களில் செல்லப்பிராணி வணிகத்துக்காக அவற்றை ஆயிரக்கணக்கில் பிடித்துப்போனதில் தீவுகளில் அந்தப் பாம்பு அருகிப்போனது. பிறகுதான் அது பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. உங்கள் கைக்கு அப்படி ஒரு பாம்பு வந்தால் வேறு ஊர்ப் போவாவுடன் கலக்காதீர்கள். கலந்து பிறந்த குட்டிகள் நலமாக வாழும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தீவின் வழி அந்த இடத்தோடு அறுந்துவிடும். இதில் நான் பிடிவாதக்காரன்.

போவாக்களின் குடும்பத்தில் ஆகப் பெரிய பாம்பான அனகொண்டாவின் பெயருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு சொல்லப்படுகிறது. அந்தச் சொல் தென் அமெரிக்காவில் பிறக்கவில்லை. இலங்கைப் பாம்பு ஒன்றுக்கு ஐரோப்பியர் எழுதிவைத்த பெயர், பிற்காலத்தில் கடல்தாண்டி வேறொரு பாம்பின் மேல் ஒட்டிக்கொண்டது. அதன் மூலம் தமிழின் 'ஆனைக்கொன்றான்' என்று சிலரும், சிங்களச் சொல் என்று சிலரும் சொல்கிறார்கள்.

25 குட்டிகள் எங்கே போகும்?

ஒரு ஈற்றில் 10 குட்டியும் வரலாம், 50-ஐத் தாண்டியும் வரலாம். 25 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தனித் தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஓர் இடம், வெப்பம். வாரம் ஒரு சுண்டெலி என்றால் மூன்று மாதத்தில் 325 சுண்டெலி. நன்றாக வளர்த்தால் போவா 20, 30 ஆண்டு வாழும். ஃபிலடெல்ஃபியா விலங்குக் காட்சிசாலையில் 'பப்பாய்' என்ற போவா 40 ஆண்டு வாழ்ந்து 1977-இல் இறந்தது. பெண் இரண்டு மீட்டரைத் தாண்டி வளரும், சில மூன்று மீட்டரை நெருங்கும். இவ்வளவு பெரிய பாம்பை அவ்வளவு காலம் வைத்துக்கொள்ளக்கூடிய 25 வீடுகளை இணைசேர்ப்பதற்கு முன்பே தேட வேண்டும். என் முதல் ஈற்றின்போது 8 பேர் வாய்மொழியாகக் கேட்டிருந்தார்கள். குட்டிகள் பிறந்த பிறகு வந்து வாங்கிப்போனவர்கள் 3 பேர். மீதிக் குட்டிகள் ஓராண்டுக்கு மேல் என்னிடமே இருந்தன.

விற்க முடியாவிட்டால் வெளியே விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வரவே கூடாது. குட்டி போடும் பாம்பு என்பதன் இன்னொரு முகம் இங்கேதான் தெரிகிறது. முட்டைக்கு ஏற்ற இடம் தேட வேண்டியதில்லை. சினையோடு ஒரே ஒரு பெண் தப்பிப்போனாலும் ஓர் ஊரில் ஒரு கூட்டமே தொடங்கிவிடலாம். மெக்சிகோவின் கோசுமேல் தீவில் 1971-இல் விடப்பட்ட ஒரு சில போவாக்கள் தீவு முழுவதும் பெருகிவிட்டன. அரூபா தீவில் 1999-இல் முதன்முதலாகப் பார்த்தார்கள். இன்றுவரை ஒழிக்க முடியவில்லை. மயாமியில் டீரிங் எஸ்டேட் என்ற பழைய தோட்டத்தைச் சுற்றிப் பல பத்தாண்டுகளாக ஒரு கூட்டம் வாழ்கிறது.

சட்டத்தையும் இதோடு சேர்த்தே பார்த்துவிட வேண்டும். பெரிய மலைப்பாம்புகள் சிலவற்றையும் அனகொண்டாக்களையும் அமெரிக்க மத்திய அரசு 2012-லும் 2015-லும் தீங்கு விளைவிக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. போவாவையும் சேர்ப்பதாக இருந்து, கடைசியில் விட்டுவிட்டார்கள். ஆனால் மாநிலச் சட்டமும் நகராட்சி விதியும் வேறாக இருக்கலாம். சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வைத்திருக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் அயல்நாட்டுப் பாம்பு எதையும் தனியார் வளர்க்க முடியாது. இந்தியாவில் 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. போவாவும் அதில் அடங்கும். வைத்திருப்பது, கைமாற்றுவது, குட்டி பிறப்பது எல்லாவற்றையும் முறைப்படி பதிவு செய்ய வேண்டும். அர்ஜென்டினப் போவா சைட்ஸின் முதல் இணைப்பில் இருப்பதால் அதற்கு விதிகள் இன்னும் கடுமை. நம்மூர் மண்ணுளிப் பாம்பையும் மலைப்பாம்பையும் பிடித்து வீட்டில் வைத்திருப்பது குற்றம். இந்தக் கட்டுரையை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

தாய்ப்பாம்பைத் தயார் செய்வது

பெண்ணுக்குக் குறைந்தது நான்கு வயதாவது ஆகட்டும். நீளம் 1.8 மீட்டரைத் தொட்டிருக்க வேண்டும். வேகமாக வளர்த்து இரண்டரை வயதிலேயே குட்டி எடுத்தவர்கள் உண்டு. அந்தத் தாய்கள் பலவும் அதன் பிறகு தேறுவதில்லை. ஆண் இரண்டு வயதிலேயே தயாராகிவிடும், சில அதற்கும் முன்பே.

என் பெரிய தவறு இங்கேதான் நடந்தது. 'சினைக்குத் தயார் செய்கிறேன்' என்று வாரம் ஒரு பெரிய எலி போட்டு அதைக் கொழுக்க வைத்துவிட்டேன். காட்டில் போவா அப்படிச் சாப்பிடுவதில்லை. பதுங்கிக் கிடந்து, கிடைக்கும்போது விழுங்கி, வாரக்கணக்கில் சும்மா இருக்கும் உயிர் அது. பெண் பாம்பு எல்லா ஆண்டும் ஈனுவதும் இல்லை. வீட்டில் வளரும் வயதுவந்த போவாவுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதன் உடலின் நடுப் பருமனுக்கு மேற்படாத ஓர் எலி போதும். கொழுத்த பாம்பின் வால் பகுதி திடீரென்று சிறுத்துத் தனியாகத் தெரியும். வளையும்போது செதில்களுக்கு இடையே மடிப்பு விழும். நல்ல உடற்கட்டுள்ள பாம்பைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாகக் கற்பனை செய்தால், ஓரம் மழுங்கிய சதுரம் போல இருக்கும். என் பாம்பு உருண்டையாக இருந்தது. அந்த ஆண்டு அது ஈன்றதில் பாதிக்கு மேல் கருவுறாத மஞ்சள் கட்டிகள். வளர்ப்பாளர்கள் இதை 'ஸ்லக்' என்கிறார்கள். உடலில் கொழுப்பு ஏராளமாக இருந்தும் பயனில்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டு அளவாகத் தீனி போட்டு இறக்கிய பின்தான் மறுபடி ஆணோடு சேர்த்தேன்.

ஆணா பெண்ணா என்பதைக் கடைக்காரர் சொன்னதை வைத்து நம்பிவிடாதீர்கள். கழிவாய்க்கு இருபுறமும் நகம் போல இரண்டு சிறு முட்கள் இருக்கும். போவாவின் முன்னோர்களுக்கு இருந்த பின்னங்கால்களின் எச்சம் அது. ஆணுக்கு அவை பெரிதாகவும் வளைந்தும் இருக்கும், பெண்ணுக்குச் சிறிதாக இருக்கும். இது ஓர் அடையாளம் மட்டுமே. உறுதியாகத் தெரிய, மழுங்கிய உலோகக் கம்பியைக் கழிவாயிலிருந்து வால் பக்கமாக நுழைத்து ஆழம் பார்ப்பார்கள். ஆணுக்கு ஆழம் பல மடங்கு கூடுதல். பழகாத கை இதைச் செய்தால் காயம்தான் மிஞ்சும். ஊர்வன மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அந்த மருத்துவரிடம் இன்னொன்றையும் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். ஐபிடி என்ற நோய்க்கான பரிசோதனை. 'இன்க்ளூஷன் பாடி டிசீஸ்' என்பது அதன் முழுப் பெயர். இது வைரஸால் வருவது என்பதை 2012-இல்தான் கண்டறிந்தார்கள். பாம்பு இரையைக் கக்கும், தலையை அண்ணாந்தபடியே வைத்திருக்கும், கவிழ்த்துப் போட்டால் திரும்பத் தெரியாது. மலைப்பாம்பில் இது வேகமாக முற்றும். போவாவிலோ பல ஆண்டு எந்த அறிகுறியும் இல்லாமல் உள்ளேயே இருக்கும், பார்வைக்குப் பாம்பு திடமாகத் தெரியும். தாயிடமிருந்து குட்டிகளுக்கும் போகும். மருந்து கிடையாது. இணைசேர்க்க வெளியிலிருந்து ஓர் ஆணைக் கடன் வாங்கிவரும் பழக்கம் இந்தப் பொழுதுபோக்கில் சாதாரணம். என்னைக் கேட்டால் அதைவிட ஆபத்தானது வேறில்லை. புதிதாக வரும் பாம்பை வேறு அறையில் குறைந்தது மூன்று மாதம் தனியே வைத்து, கறுப்புப் புள்ளி போல ஊரும் சிற்றுண்ணிகள் இருக்கின்றனவா என்று தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் தேடிப் பாருங்கள். நோயை ஒரு பாம்பிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள்.

குளிரும் கூடலும்

வட அமெரிக்காவில் போவா வளர்ப்பாளர்களின் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். ஆண்டு முழுவதும் பெட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 26 டிகிரி என்று வைத்திருப்போம். பருவம் தொடங்கியதும் இரவு வெப்பத்தை மட்டும் படிப்படியாக 23 டிகிரி அளவுக்கு இறக்குகிறோம். பகலில் குளிர்காய அந்தச் சூடான முனை அப்படியே இருக்க வேண்டும். பகலையும் குளிராக்கிவிட்டால் பாம்புக்குச் சளி பிடிக்கும், வயிற்றில் இருக்கும் இரை செரிக்காமல் கெடும். இரவைக் குளிராக்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆணுக்குத் தீனியை நிறுத்திவிடலாம். இந்தக் காலத்தில் எப்படியும் அது எலியைத் திரும்பிப் பார்க்காது.

ஆணைப் பெண்ணின் பெட்டிக்குள் விடுவதுதான் வழக்கம். சேர்ந்திருக்கும்போது இரை போடக் கூடாது. ஒரே எலியை இரண்டும் பிடித்துக்கொண்டால் பெரும் விபத்தாகிவிடும்.

நம்மூரில் சாரையும் நல்லபாம்பும் பிணைகின்றன என்று சொல்வார்கள். நிமிர்ந்து நின்று முறுக்கிக்கொள்ளும் அந்தக் காட்சி பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். போவாவின் உண்மையான கூடல் அதற்கு நேர்மாறாக அமைதியாக இருக்கும். ஆண் பெண்ணின் முதுகின் மேல் ஊர்ந்து படுத்துக்கொண்டு, அந்தச் சிறு முட்களால் அதன் விலாவை மெல்லச் சுரண்டும். பெண் இணங்கினால் வாலைச் சற்றுத் தூக்கும். வால்கள் மட்டும் பின்னிக்கொண்டிருக்க, இரண்டும் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். நள்ளிரவில் மங்கிய வெளிச்சத்தில் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம். நான்கைந்து நாள் சேர்த்து வைத்து, சில நாள் பிரித்து, மறுபடி சேர்ப்பேன். ஆண் மெலியத் தொடங்கினால் அந்தப் பருவத்துக்கு அதோடு நிறுத்திவிடுவேன்.

இவ்வளவு செய்தும் பெண் அப்போதே சினையாகிவிடுவதில்லை. விந்து அதன் உடலுக்குள் வாரக்கணக்கில் காத்திருக்கும். சினைப்பையில் முட்டைகள் முழு அளவுக்கு வளர்ந்து வெளியேறும் நாளில்தான் கரு உண்டாகும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மருத்துவரிடம் ஸ்கேன் எடுக்கலாம். அந்த வசதி இல்லாதவர்கள் கண்ணையும் நோட்டுப் புத்தகத்தையும் நம்பித்தான் ஆக வேண்டும்.

நாள் எண்ணுவது எங்கிருந்து?

முட்டைகள் வெளியேறும்போது பெண்ணின் நடு உடல், பெரிய முயலை விழுங்கியதுபோல் புடைக்கும். ஒரு நாள் இருக்கும், மிஞ்சினால் இரண்டு நாள். பிறகு புடைப்பு வடிந்து, உடலின் பின்பாதி முழுவதும் மெல்லக் கனக்கத் தொடங்கும். சாப்பிட்டு நாளாகியிருந்தும் இப்படிப் புடைத்தால் அதுதான் என்று தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆணை இனி உள்ளே விட வேண்டாம்.

அந்தப் புடைப்பைத் தவறவிடுவது எளிது. ஆனால் அடுத்து வரும் அறிகுறியைத் தவறவிடவே முடியாது. இரண்டு மூன்று வாரத்தில் பெண் சட்டை உரிக்கும். கண்கள் நீலம் பூத்து மங்கும், வழக்கமான உரிப்பைவிடக் கூடுதல் நாள் எடுக்கும். சட்டை கழன்ற அன்றுதான் நம் நாட்காட்டி தொடங்குகிறது. அன்றிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 120 நாளில் குட்டிகள் வரும். என் பாம்பு மார்ச் 10 அன்று சட்டை உரித்தது. ஜூன் 25 விடியற்காலையில் ஈன்றது. 107 நாள்.

இந்த மூன்றரை மாதமும் நம் வேலை மிகக் குறைவு. ஆனால் அதில் பிசகவே கூடாது. சினைப்பாம்பு சூடான முனையை விட்டு நகராது. தட்டையாகவோ பக்கவாட்டில் புரண்டோ படுத்து வயிற்றைச் சூட்டுக்குக் காட்டும். நிறம் மங்கி இருண்டு தெரியும். முன்னே சொன்ன இன்குபேட்டர் இதுதான். அந்த முனை 31, 32 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் நெடுநேரம் சூடேறினால் முதுகெலும்பு கோணிய குட்டிகளோ இறந்த குட்டிகளோ வரலாம். வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் பேட் எதையும் மாட்டாதீர்கள். தெர்மோஸ்டாட்டையும் அப்படியே நம்பிவிடாமல், படுக்கும் இடத்தில் வேறொரு வெப்பமானியை வைத்துக் காலையும் மாலையும் பார்த்து எழுதுங்கள். வெப்பம் கிடைத்தால் மட்டும் போதாது, ஒதுங்கிப் போகக் குளிர்ந்த முனையும் இருக்க வேண்டும். எவ்வளவு சூடு வேண்டும் என்பது நம்மைவிட அதற்குத்தான் தெரியும்.

பல தாய்கள் இந்தக் காலம் முழுவதும் சாப்பிடாது. கேட்டால் சிறிய எலி ஒன்று கொடுக்கலாம், மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. தண்ணீர் மட்டும் எப்போதும் புதிதாக இருக்கட்டும். தூக்குவது, நண்பர்களுக்குக் காட்டுவது, பெட்டி மாற்றுவது எதுவும் வேண்டாம். 120 நாள் தாண்டியும் ஈனாவிட்டாலோ, சில குட்டிகள் வெளியே வந்து மற்றவை உள்ளேயே கிடப்பது தொட்டால் தெரிந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

குட்டிகள்

ஈனுவதற்கு முந்தைய நாட்களில் தாய் அமைதியிழந்து பெட்டி முழுக்க ஊரும், வாலைத் தூக்கித் தூக்கி வைக்கும். பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ ஈனும். நான் கதவைத் திறந்த அந்தக் காலையில், ஈரமான கண்ணாடிப் பைகள் போல ஒவ்வொரு குட்டியும் ஒரு சவ்வுக்குள் சுருண்டு கிடந்தது. சில ஏற்கெனவே மூக்கால் சவ்வைக் கிழித்துத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. 22 உயிருள்ளவை, 2 இறந்தவை, 3 மஞ்சள் கட்டிகள். 22-ஐயும் மூன்று முறை எண்ணினேன்.

அந்த நேரத்தில் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். தானாகக் கிழிக்கும் குட்டிக்கு உதவ வேண்டாம். நெடுநேரமாகியும் அசைந்துகொண்டே சவ்வைக் கிழிக்கத் தெரியாமல் இருக்கும் குட்டிக்கு மட்டும் மூக்கின் அருகே சவ்வை மெல்லக் கிள்ளிவிடலாம். தொப்புள்கொடியை இழுக்கவோ வெட்டவோ கூடாது. சில குட்டிகளின் வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பேப்பர் டவல் விரித்த பெட்டியில் விட்டால், ஓரிரு நாளில் கரு உள்ளே போய்விடும், கொடி காய்ந்து உதிரும். தாய்க்குக் குட்டிகள்மேல் அக்கறையும் இல்லை, பகையும் இல்லை. அதைச் சுத்தமான பெட்டிக்கு மாற்றிவிட்டுக் குட்டிகளைப் பாருங்கள். பிழைக்க முடியாத அளவுக்கு உடல் கோணிப் பிறந்த குட்டி இருந்தால், அது துன்பப்படாமல் போக மருத்துவர் உதவுவார். அந்தச் செலவையும் முன்பே ஒதுக்கி வையுங்கள்.

ஒவ்வொரு குட்டியும் 35 முதல் 50 செண்டிமீட்டர் நீளம் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டை உரிக்கும். அதுவரை இரை வேண்டாம். வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறது. உரித்த பிறகு மயிர் முளைக்கத் தொடங்கிய சிறு சுண்டெலி ஒன்று. உறைய வைத்ததை ஃபிரிட்ஜில் இரவு முழுக்க இளக வைத்து, பையோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, இடுக்கியால் பிடித்துத் தலைப்பக்கத்தை லேசாக ஆட்டிக் காட்டினால் பெரும்பாலான குட்டிகள் பாய்ந்து பிடித்துவிடும். மைக்ரோவேவ் வேண்டாம். பிடிக்காத குட்டியை இருட்டான சிறு பெட்டியில் இரையோடு இரவு முழுக்கத் தனியே விட்டுப் பாருங்கள். கக்கிவிட்டால் இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, இன்னும் சிறிய இரையில் தொடங்குங்கள். வளர்ச்சியை அவசரப்படுத்தாதீர்கள். மூன்று நான்கு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகக் கழித்த குட்டியைத்தான் வேறொருவர் கையில் கொடுக்க வேண்டும்.

நிறம்

புதிதாக வருகிறவர்கள் பலர் நிறத்துக்காகத்தான் வருகிறார்கள். அல்பினோ போவாவில் கருநிறம் இல்லை. மஞ்சளும் ஆரஞ்சும் வெள்ளையும் மட்டும் தங்கும். அந்த மரபணு ஒடுங்கியது. தாய் தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒன்றிடமிருந்து மட்டும் வாங்கிய குட்டி சாதாரண நிறத்தில் இருக்கும், ஆனால் மரபணுவைச் சுமக்கும். வளர்ப்பாளர் பேச்சில் அது 'ஹெட்'. இரண்டு ஹெட் பாம்புகளை இணைத்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி அல்பினோ. போவாவில் 'கால்' (Kahl), 'ஷார்ப்' (Sharp) என்ற பெயர்களில் இரண்டு அல்பினோ வழிகள் உண்டு. பார்வைக்கு நெருங்கி இருந்தாலும் மரபணு வேறு வேறு. ஒன்றை ஒன்றோடு இணைத்தால் பிறக்கும் குட்டிகள் அத்தனையும் சாதாரண நிறம். ஒரு பெரிய தொகை கொடுத்து இரண்டு வழிகளையும் வாங்கி, இந்த உண்மையை ஈற்றன்று தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். 'மோட்லி' என்ற மார்ஃபை (மரபணுவால் வரும் தோற்ற வகையை) மோட்லியோடு இணைக்கவே வேண்டாம். இரட்டையாக மரபணு வாங்கிய குட்டிகள் பெரும்பாலும் நீண்ட நாள் வாழ்வதில்லை. விற்பதற்காகச் சாகப்போகும் குட்டியைப் பிறக்கவைப்பதை என்னால் ஏற்க முடியாது.

மரபணு பற்றிப் பேசும்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் ஒரு பெண் போவா இரண்டு ஈற்றில் 22 குட்டிகள் போட்டது. எல்லாம் பெண். எல்லாம் தாயின் அரிய காரமல் நிறம். அந்த நிறமும் ஒடுங்கிய மரபணுதான். உடன் இருந்த ஆண்களிடம் அது இல்லை. 2010-இல் வெளியான ஆய்வு, அந்தக் குட்டிகளுக்குத் தந்தையே இல்லை என்று காட்டியது. கருமுட்டை தானாகவே கருவாகியிருக்கிறது. எல்லாப் பாம்புகளிலும் பாலினத்தைத் தீர்மானிப்பது பறவைகளைப் போலத் தாயின் குரோமோசோம் என்றுதான் அப்போது பாடப்புத்தகங்கள் சொல்லின. அதன்படி பார்த்தால், தாயின் குரோமோசோம் மட்டும் இரட்டித்து உருவான பெண் குட்டி பிழைக்காது என்றே கருதினார்கள். அந்தக் குட்டிகள் பிழைத்ததே பெரும் புதிர். 2017-இல் விடை வந்தது. போவாவுக்கும் மலைப்பாம்புக்கும் பாலினத்தைத் தீர்மானிப்பது மனிதர்களைப் போல எக்ஸ், ஒய் குரோமோசோம்கள்தான். தாயிடம் எக்ஸ் மட்டுமே இருப்பதால் தந்தையில்லாத குட்டிகள் அத்தனையும் பெண்ணாகின்றன. ஒரு வளர்ப்பாளர் வீட்டுப் பாம்பு, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருத்த வழி செய்திருக்கிறது. தேதியையும் நிறத்தையும் எண்ணிக்கையையும் ஒழுங்காக எழுதி வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

ஈன்ற பிறகு

குட்டிகளின் பரபரப்பில் தாயை மறந்துவிடுகிறோம். நான்கு மாதம் சாப்பிடாமல், உடலில் இருந்ததையெல்லாம் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டுக் கிடக்கும் உடல் அது. தோல் தளர்ந்து, முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் சிறிது நேரம் விட்டுக் கழுவி, அதன் பெட்டியை முழுவதும் துடைத்து, ஒரு வாரம் தொடாமல் விட்டேன். பிறகு வழக்கத்தில் பாதி அளவுள்ள எலி ஒன்றைக் கொடுத்தேன். பசியில் பெரிய இரையை விழுங்கினால் கக்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மெல்ல மெல்ல ஏற்றி, பழைய எடைக்கு வர 11 மாதம் ஆனது.

அடுத்த நவம்பரில் இரவு வெப்பத்தை இறக்கியபோது ஆண் தன் பெட்டியில் அங்குமிங்கும் ஊரத் தொடங்கிவிட்டது. அதைப் பெண்ணிடம் விடவில்லை. அதற்கடுத்த நவம்பரிலும் விடவில்லை.